கொடி இறங்கியது, பட்டியல் இறங்கவில்லை

1890-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் புது அரசியல் சாசனம் எழுதியபோது, எந்தக் குற்றம் செய்தால் ஓட்டு போகும் என்று ஒரு பட்டியல் போட்டது. லஞ்சம், திருட்டு, கன்னமிடுதல், தீவைப்பு, பொய்ச்சத்தியம், இருதார மணம் எல்லாம் உண்டு. கொலையும் வன்புணர்வும் இல்லை! மறந்து விட்டதல்ல. கறுப்பர்கள்தான் அதிகம் செய்வார்கள் என்று தாங்கள் நினைத்த குற்றங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மாநிலத்தில் அன்று கறுப்பர்களே பெரும்பான்மை. எழுத உட்கார்ந்த 134 பேரில் கறுப்பர் ஒரே ஒருவர்.

அமெரிக்காவில் ஒவ்வொரு தேர்தலுக்கும் "பழசைக் கிளறாதீங்க, இணக்கமா போவோம்" என்ற குரல் எழும். நல்ல ஆசைதான். ஆனால் இந்தப் பட்டியல் பழசா, நடப்பா?

பட்டியலை எதிர்த்த வழக்கில் 2022-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் பழசு என்றது. 1950-ல் கன்னமிடுதலை நீக்கி, 1968-ல் கொலையையும் வன்புணர்வையும் சேர்த்ததால் பழைய கறை போய்விட்டதாம். 1968-ல் மக்களிடம் கேட்டது அந்தத் திருத்தம் வேண்டுமா என்று மட்டும்தான். 'வேண்டாம்' என்று குத்தியிருந்தாலும் 1890-ன் மிச்சம் அப்படியே நின்றிருக்கும். பிறகு எப்படிக் கறை போகும்? 2023-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது.

தண்டனை முடித்தவர் ஓட்டைத் திரும்ப வாங்கும் வழியைப் பாருங்கள். தன் பேரிலேயே ஒரு மசோதா கொண்டுவர ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். பிறகு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு: கீழவையில் 122-க்கு 82, செனட்டில் 52-க்கு 35. அன்று வராத உறுப்பினரும் எதிர் ஓட்டுக்குச் சமம். மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவின் தலைவர் எடுக்காவிட்டால் அங்கேயே முடிந்தது. இந்த வழியை விட்டால் ஆளுநரிடம் மன்னிப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

2020-ல் அடிமைமுறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென் மாநிலக் கூட்டமைப்பின் போர்ச் சின்னம் பதித்த 1894 மாநிலக் கொடியை இதே மாநிலம் இறக்கியது. 126 வருஷம் பிடித்தது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த நவம்பரிலேயே இன்னொரு 1890 விதியையும் மக்கள் ஓட்டுப் போட்டு ஒழித்தார்கள்: ஆளுநராக வேட்பாளர் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் போதாது, பாதிக்கு மேல் கீழவைத் தொகுதிகளிலும் ஜெயிக்க வேண்டும் என்பது. வெள்ளையர்களும் சேர்ந்து குத்தாமல் அது நடந்திருக்காது. ஆக இணக்கம் வெறும் மேடைப்பேச்சு இல்லை. விதியைக் கையில் எடுத்துத் திருத்தவும் அதனால் முடியும்.

குற்றப் பட்டியலில் மட்டும் ஏன் கை வைக்கவில்லை? 2024-ல் ஓட்டுரிமையைத் திருப்பித் தரும் மசோதா கீழவையில் தேறியது. செனட் குழுவில் செத்தது.