இன்ஜின் இலவசம், கேம் அல்ல

‘அன்ரியல் இன்ஜின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) இலவசம், கேம் செய்யச் செலவே இல்லை, விலையெல்லாம் கொள்ளை’ என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. இன்ஜினை இறக்கக் காசில்லைதான். கேமின் வருமானம் 1 மில்லியன் டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதில் பொதுவாக 5% இன்ஜின் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும்.

பெருஞ்செலவு சம்பளம். 2023இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த சோனி ஆவணப்படி, ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு 300 ஊழியர், 5 ஆண்டு, 212 மில்லியன் டாலர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு மாதம் சுமார் 12,000 டாலர்.

ஒரு கதவையே எடுங்கள். மாடல் (வடிவம்), டெக்ஸ்சர் (மேற்பரப்புத் தோற்றம்), கீல் அசைவு, கிரீச் ஓசை என நாலு பேர் வேலை. பின்னால் வரும் துணைப் பாத்திரம் கதவு நிலையில் சிக்கிக்கொண்டால் நிரலாளர் திருத்துவார்; சோதிப்பவர் மறுபடி முதலிலிருந்து திறந்து மூடிப் பார்ப்பார். இப்படி ஆயிரம் பொருள்கள்!

நாம் ராண்டில் கொடுக்கும் விலைக்குள் 15% வாட் வரியும் இருக்கிறது.