இடக்கைக்கு எல்லாம் இடப்பக்கம்

வாங்கியவர்: மாஸ்டர், நீங்கள் எனக்குச் செய்துகொடுத்த இந்தத் துப்பாக்கியில் கன்னத்தைச் சாய்க்கிற கன்னக்கட்டை எந்தப் பக்கம் இருக்கிறது?

செய்தவர்: இடப்பக்கம்.

வாங்கியவர்: எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

செய்தவர்: இடப்பக்கம்தான். நீங்கள் இடக்கைக்காரர் ஆயிற்றே! ஆர்டர் சீட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடே போட்டிருக்கிறேன். தோட்டா ஏற்ற இழுத்துத் தள்ளுகிற போல்ட் இடப்பக்கம், சேஃப்டி இடப்பக்கம், கன்னக்கட்டை இடப்பக்கம். வார் மாட்டும் வளையத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

வாங்கியவர்: பார்த்தேன். நடுவில் இருக்க வேண்டிய வளையம் ஓரத்தில் தொங்குவது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. சரி, நான் எந்தத் தோளில் வைத்துச் சுடுவேன்?

செய்தவர்: இடது தோள்.

வாங்கியவர்: எந்தக் கன்னம் கட்டையில் படும்?

செய்தவர்: இடது கன்னம். அதனால்தான் கன்னக்கட்டையை இடப்பக்கம்…

வாங்கியவர்: என் இடது கன்னம் துப்பாக்கியின் வலப்பக்கத்தில் படும், மாஸ்டர்!

செய்தவர்: அதெப்படி சார்? இடது கன்னம் போய் வலப்பக்கத்தில் படுமா?

வாங்கியவர்: தோளில் வைத்துத்தான் பாருங்களேன்.

(செய்தவர் துப்பாக்கியை வாங்கித் தம் வலது தோளில் வைக்கிறார். கன்னத்தைச் சாய்க்கிறார். முகம் மலர்கிறது.)

செய்தவர்: சார், பிரமாதமாக உட்காருகிறது!

வாங்கியவர்: உங்களுக்கு உட்காரும். நீங்கள் வலக்கைக்காரர்.

செய்தவர்: என் வேலையில் நானே குறை சொல்ல முடியவில்லை, பாருங்கள்.

வாங்கியவர்: கட்டையின் வளைவும் உங்கள் பக்கம்தான் போகிறது. நான் வைத்தால் கண் ஸ்கோப்புக்கு வெளியே நிற்கிறது. கண்ணைக் கொண்டுவர முகத்தை அழுத்தினால், உதைக்கிற உதையில் கன்ன எலும்பு நோகிறது. இது .375, பெரிய மிருகத்துக்கான தோட்டா. சாதாரண உதையா உதைக்கும்?

செய்தவர்: பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறீர்களா? போல்ட் ஒரு பக்கம், தோட்டா போடும் வாய் இன்னொரு பக்கம் என்று மாற்றி வைத்துத்தான் சுடுகிறார்கள். எல்லாம் பழக்கம் சார்.

வாங்கியவர்: அவர்கள் மேஜை மேல் வைத்து காகிதத்தைச் சுடுகிறார்கள். நான் காட்டெருமைக்குப் போகிறேன். மேஜை விரித்து முடிக்கும்வரை எருமை காத்திருக்குமா?

செய்தவர்: கைவேலை என்றால் முன்னே பின்னே இருக்கும் சார்.

வாங்கியவர்: முன்னே பின்னே என்றால் பரவாயில்லை. இது இடம் வலம்.

(செய்தவர் பேச்சை மாற்ற, துப்பாக்கியை விளக்கடியில் திருப்பிக் காட்டுகிறார்.)

செய்தவர்: மரத்தைப் பாருங்கள். வால்நட். இந்தச் சுழி எப்படி நெளிகிறது பாருங்கள். எண்ணெய் தடவித் தடவித் தேய்த்தது.

வாங்கியவர்: சுழி அழகுதான். ஆனால் அது பிடியிலேயே வந்திருக்கிறதே? பிடிதான் கட்டையிலேயே மெலிந்த இடம். அங்கே நார் நேராக ஓட வேண்டும், சுழியெல்லாம் பின்னால் தோள் பக்கம் இருக்க வேண்டும். இந்த உதைக்கு மரம் எங்கே பிளக்கும் என்று நீங்களே கோடு போட்டுக் காட்டியிருக்கிறீர்கள்.

செய்தவர்: பிடியில் இருந்தால்தானே சார் பார்க்கிறவர்கள் கண்ணில் படும்?

(சண்டையை வேடிக்கை பார்க்கிறவன் பக்கம் சாயக் கூடாது என்பார்கள். இந்தப் பதிலுக்குப் பிறகு அது முடியாது. பிடியில் வெட்டிய கட்டக்கோடுகளில் இரண்டு, எல்லைக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வாங்கியவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் கையில் ஏற்கெனவே நிறைய இருந்தது.)

வாங்கியவர்: அப்புறம் இந்தப் பேரல். கட்டைக்கும் அதற்கும் நடுவே இடைவெளி தெரிகிறது.

செய்தவர்: ஆஹா, அங்கே மாட்டிக்கொண்டீர்கள்! அது குறையில்லை சார், வேண்டுமென்றே விட்டது. பேரல் மரத்தைத் தொடாமல் மிதக்க வேண்டும். ஃப்ரீ ஃப்ளோட். தொட்டால் குறி போய்விடும்.

வாங்கியவர்: தெரியும். அதனால்தான் காகிதம் கொண்டுவந்தேன். நீங்களே நுழைத்துப் பாருங்கள்.

(செய்தவர் காகிதத்தை மடித்துப் பேரலுக்கு அடியில் கொடுத்து, நுனியிலிருந்து பின்னால் இழுக்கிறார். வழுக்கிக்கொண்டு வருகிறது. புன்னகைக்கிறார். பாதியில் நிற்கிறது. புன்னகையும் நிற்கிறது. கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறார். காகிதம் கிழிகிறது.)

செய்தவர்: மெல்லிய காகிதம்.

வாங்கியவர்: இடப்பக்கம் விரல் நுனி போகிறது. வலப்பக்கம் காகிதம்கூடப் போகவில்லை. இடக்கைக்காரன் என்பதற்காக இடைவெளியையும் இடப்பக்கமே விட்டுவிட்டீர்களா?

செய்தவர்: கைவேலை சார்…

வாங்கியவர்: 100 மீட்டரில் 3 குண்டும் 29 மில்லிமீட்டருக்குள் விழும் என்றீர்கள். ஒரு எம்ஓஏ, அதாவது கோணக் கணக்கில் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுட்டால் முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு விழுகின்றன, மறுக்கவில்லை. அதற்குள் பேரல் சூடாகி மரத்தில் இடிக்கிறது. மூன்றாவது குண்டு தனியாக ஊர் சுற்றப் போய்விடுகிறது.

செய்தவர்: எருமைக்கு இரண்டு குண்டு போதாதா சார்?

வாங்கியவர்: அந்த இரண்டாவதுதான் ஏறவே மாட்டேன் என்கிறதே! போல்ட்டைத் தள்ளினால் தோட்டாவின் மூக்கு, தோட்டா அடுக்கும் மேகசினின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

செய்தவர்: இருக்காது. இது மௌசர் 98 அமைப்பு. 1898-இல் ஜெர்மன் ராணுவமே ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் ஒரு நீளக் கொக்கி இருக்கிறதே, அது தோட்டாவின் அடி விளிம்பைப் பிடித்தால் வெளியே தள்ளும்வரை விடாது.

வாங்கியவர்: கொக்கி பிடிக்கிறது. எங்கே கொண்டுபோவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. ஜெர்மன்காரன் அந்த மேகசினைச் செய்தது 57 மில்லிமீட்டர் கூடு உள்ள தோட்டாவுக்கு. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியின் இந்த .375 எச் அண்ட் எச் தோட்டா வந்தது 1912-இல். அதன் கூடு 72 மில்லிமீட்டர், உடம்பும் பெருத்தது. தோட்டா மாறினால் மேகசின் பெட்டியின் அகலம், அதன் உதட்டுச் சரிவு எல்லாவற்றையும் அதற்கென்று தேய்த்துச் சரிபண்ண வேண்டாமா? பெட்டியை நீட்டிவிட்டால் மட்டும் போதுமா?

செய்தவர்: தேய்த்திருக்கிறேனே.

வாங்கியவர்: எந்தத் தோட்டாவை வைத்துப் பார்த்துத் தேய்த்தீர்கள்?

செய்தவர்: தோட்டா கைவசம் இல்லை. அளவுப் படம் பார்த்துத் தேய்த்தேன்.

வாங்கியவர்: ஓஹோ.

செய்தவர்: கைவேலையில் கண்ணளவுதான் சார் முக்கியம்.

வாங்கியவர்: முதல் குண்டு பட்டும் படாமலும் போய், எருமை என்னை நோக்கித் திரும்புகிறது. இரண்டாவது தோட்டா ஏறவில்லை. நான் அதனிடம் என்ன சொல்லட்டும்? "கொஞ்சம் பொறு, இது கைவேலை" என்றா?

செய்தவர்: அந்த நேரத்தில் பதற்றப்படக் கூடாது சார். போல்ட்டைப் பின்னால் இழுத்து…

வாங்கியவர்: பின்னால் இழுத்தால் பாதி நேரம் மேகசினில் ஒன்றும் இருக்காது. முதல் குண்டின் உதையிலேயே மேகசினின் அடித்தட்டு திறந்து, மிச்சத் தோட்டா எல்லாம் என் பூட்ஸ் மேல் கொட்டிவிடும்.

செய்தவர்: அது சீக்கிரம் காலி செய்கிற வசதி. விசையைச் சுற்றியிருக்கிற காப்புக்குள் பட்டனை அழுத்தினால்…

வாங்கியவர்: நான் எதையும் அழுத்தவில்லை.

செய்தவர்: அழுத்தாமலே திறக்கிறதா? அவ்வளவு மிருதுவாக வந்திருக்கிறதா?

(கேள்வியில் உண்மையான பெருமிதம் இருந்தது.)

வாங்கியவர்: மாஸ்டர், ஒன்று கேட்கிறேன். தொழிற்சாலையில் மெஷின் வெட்டித் தள்ளுகிற துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தால் தோட்டா ஏறுகிறது, அடித்தட்டு நிற்கிறது. அதைவிடப் பல மடங்கு உங்களுக்குக் கொடுத்தேன். ஏன் அவ்வளவு என்று கேட்டபோது கைவேலை என்றீர்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்றால் கைவேலை. இப்போது ஏன் இப்படி என்றாலும் கைவேலை. பணம் வாங்கும்போது அந்தக் கை தேவன் கை, குறை சொன்னால் பாவம் மனிதன் கை. இதில் எந்தக் கைக்கு நான் பணம் கொடுத்தேன்?

(நீண்ட மௌனம். செய்தவர் ஒரு துணியால் பேரலைத் துடைக்கிறார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.)

செய்தவர்: திருகுகளைப் பார்த்தீர்களா சார்?

வாங்கியவர்: திருகுகளுக்கு என்ன?

செய்தவர்: எல்லாத் திருகின் வெட்டும் பேரலோடு ஒரே நேர்கோட்டில் நிற்கும். எந்தத் தொழிற்சாலையில் அப்படி நிறுத்துவார்கள்? ஒவ்வொரு தலையையும் தேய்த்துத் தேய்த்து நிறுத்தியது.

வாங்கியவர் (குனிந்து பார்த்துவிட்டு): ஆமாம். நேராகத்தான் இருக்கின்றன.

செய்தவர்: பார்த்தீர்களா!

வாங்கியவர்: ஒன்று லூசாக இருக்கிறதே.

செய்தவர்: அதை இறுக்கினால் கோடு திரும்பிவிடும் சார்.

வாங்கியவர்: சரி, ஒரு முடிவுக்கு வருவோம். வேட்டைக்கு வலக்கைக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கன்னத்தை அவர் வைக்கட்டும். நான் இந்தப் பக்கம் நின்று போல்ட்டை இழுக்கிறேன். கீழே விழுகிற தோட்டாவைப் பொறுக்க நீங்கள் வாருங்கள்.

செய்தவர்: வரலாம் சார். ஆனால் அந்த வலக்கைக்காரர் உங்களைவிட உயரமா, குட்டையா? கட்டையின் நீளத்துக்கு அவரையும் ஒரு தடவை அளந்துவிட வேண்டும்.