மார்லினோடு நாலு மணி நேரம் மல்லுக்கட்டுவது பெருமையா?

ஆழ்கடல் தூண்டில் படம் போடுகிறவர்கள் மீனின் எடைக்கு அடுத்தபடியாக மறக்காமல் எழுதுவது, எவ்வளவு நேரம் போராடினோம் என்பதைத்தான். நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், கை மரத்துப்போச்சு, இடுப்பு விட்டுப்போச்சு. கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்கு அதைப் பார்த்தால் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இவர்கள் டிராக்கை, அதாவது நூல் சுற்றும் ரீலில் மீனின் இழுப்பை எதிர்த்துப் பிடிக்கும் பிரேக்கை, அளந்து வைக்கவில்லை.

1953 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரெட் கிளாசல் பிடித்த, ஈட்டி போல அலகு நீண்ட கறுப்பு மார்லின் மீன் 1,560 பவுண்ட், அதாவது 707 கிலோ. கறுப்பு மார்லினில், தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் சாதனை இன்றுவரை அதுதான். அந்த மீனையே இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மீனுக்கு அரை நாள் ஆகிறது என்றால் மீன் பலசாலி என்று அர்த்தமில்லை. அமைப்பில் எங்கேயோ கோளாறு.

நீண்ட போராட்டத்தின் விலையை மீன்தான் கொடுக்கிறது. மார்லின் என்றால், விடுவித்த பிறகு பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. சில சமயம் ஆழத்திலேயே செத்துப்போய் வெறும் பாரமாகத் தொங்கும். அதை மேலே கொண்டுவரவே தனியாக ஒரு மணி நேரம் ஆகும். சூரை என்றால், முள் குத்திய ஓட்டை நேரம் போகப் போகப் பெரிதாகித் தானே கழன்றுவிடும். அதற்கு முன்னால் சுறா வந்துவிட்டால் தலை மட்டும்தான் படகுக்கு வரும்.

சரி, டிராக். எல்லோரும் நூலைக் கையால் இழுத்துப் பார்த்து "போதும், டைட்டா இருக்கு" என்கிறார்கள். கை பொய் சொல்லும். ஐந்து கிலோவும் ஒன்பது கிலோவும் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஒரு தொங்கு தராசு இல்லாமல் படகு ஏறுவதில் பொருளே இல்லை. அளக்கும் முறை இது. ராடை, அதாவது தூண்டில் கோலை, அதன் பிடிக்குழியில் செருகி, நூலை எல்லா வளையங்கள் வழியாகவும் விட்டு, நுனியைத் தராசில் கட்டுங்கள். ரீலில் நேராக அளந்தால் வளையங்களின் உராய்வு கணக்கில் வராது. டிராக்கைக் கூட்டிக் குறைக்கும் லீவரை, மீன் அடிக்கும்போது இருக்க வேண்டிய ஸ்ட்ரைக் நிலைக்குத் தள்ளி, முதலில் சில மீட்டர் நூலை இழுத்துவிடுங்கள். பிறகு மெதுவாக, ஒரே சீராக இழுத்து, நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது தராசு காட்டுவதைப் பாருங்கள். நூல் அசையத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் தராசின் முள் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ஓடும்போது எட்டு கிலோ, கிளம்பும்போது பன்னிரண்டு என்றால் டிராக் தட்டு அழுக்காகியிருக்கிறது அல்லது உப்பு ஏறியிருக்கிறது. அந்த ரீலைப் பிரித்துச் சுத்தம் செய்யாமல் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். மீன் ஒவ்வொரு முறை திமிறும்போதும் அந்தப் பன்னிரண்டுதான் நூலைத் தாக்கும்.

எவ்வளவு வைப்பது? நூலின் அறுபடும் வலுவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. 50 பவுண்ட் நூலுக்கு 6 முதல் 7 கிலோ, 80 பவுண்டுக்கு 9 முதல் 12 கிலோ. லீவரை முழுதாகத் தள்ளினால் கிடைக்கும் உச்சம், வலுவில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்த உச்சம் கடைசி நேரத்துக்கு மட்டும். அளவை மாற்ற வேண்டுமென்றால் லீவரை முழுதாகத் தளர்த்திவிட்டுப் பக்கத்துத் திருகைத் திருப்புங்கள். இறுக்கமாக இருக்கும்போது திருப்பினால் உள்ளே இருப்பது தேயும். நாள் முடிந்ததும் லீவரைத் தளர்த்தியே வைக்க வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. மீன் நூலை உருவிக்கொண்டு ஓட ஓட, ரீலின் நூல் உருளையான ஸ்பூலில் மிஞ்சும் நூல்கட்டு சிறுத்துக்கொண்டே போகும். லீவரை நீங்கள் தொடாவிட்டாலும் டிராக் ஏறும். விட்டம் 12 சென்டிமீட்டரிலிருந்து 8 ஆகக் குறைந்தால் டிராக் ஒன்றரை மடங்கு. 12 கிலோ வைத்தது 18 கிலோவாகிவிட்டது. நூலின் வலு 36 கிலோ, முடிச்சு அதில் கொஞ்சம் தின்றிருக்கும். இதற்கு மேல் தண்ணீர். 300 மீட்டர் நூல் வெளியே போயிருக்கும்போது மார்லின் திடீரென்று பக்கவாட்டில் திரும்பினால், நூல் பெரிய வில்லாக வளைந்து தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். அந்த இழுவை தராசில் தெரியாது. "கல்லு மாதிரி நின்னுச்சு, பட்டுனு அறுந்துருச்சு" என்று சொல்கிற மீன்களில் பெரும்பங்கு இப்படிப் போனவைதான். பாதி நூல் போய்விட்டால் லீவரைப் பின்னால் இழுங்கள். எல்லோருக்கும் கை எதிர்ப்பக்கம்தான் போகிறது.

வெளியே போன நூல் திரும்பி வந்து ஸ்பூல் நிறைந்த பிறகு மறுபடி பழைய நிலைக்கு ஏற்றுங்கள். இதை மறந்து, தளர்ந்த டிராக்கோடு படகுக்கு அடியில் இரண்டு மணி நேரம் தொங்குவதுதான் அந்த "வீரப் போராட்டங்களில்" பாதி.

மெல்லிய நூலில் பெரிய மீன் பிடிப்பதுதான் உண்மையான விளையாட்டு என்று ஒரு கட்சி இருக்கிறது. நூலின் வலுவை வைத்துத் தனித்தனியாகப் பதிவாகும் சாதனையைத் தேடுகிறவர்கள் தெரிந்து செய்கிறார்கள், படகோட்டியும் அதற்குப் பழகியவராக இருப்பார், மீனைத் துரத்திப் போய்ச் சில நிமிடங்களிலேயே முடிக்கப் பார்ப்பார். முதல் முறை வருகிறவர் 20 பவுண்ட் நூலோடு 150 கிலோ மார்லினை எதிர்கொள்வது வேறு சங்கதி. சூரைக்கு 50, மார்லின் வரும் தண்ணீர் என்றால் 80. பெரிய நீல மார்லின் திரியும் இடத்தில் 130. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லீடர், அதாவது நூலின் நுனியில் முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு: இந்த விஷயத்தில் சூரையும் மார்லினும் எதிரெதிர். சூரைக்குக் கண் கூர்மை. இரையைக் கட்டும்போது தண்ணீரில் எளிதில் தெரியாத ஃபுளோரோகார்பன் நூல் 60 முதல் 130 பவுண்ட் போதும், வெயில் ஏறி மீன் தயங்கினால் இன்னும் மெல்லியதற்கு இறங்கலாம். மார்லினின் அலகு அரம் போலச் சொரசொரப்பு. லூருக்கு, அதாவது செயற்கை இரைக்கு, 300 முதல் 400 பவுண்ட் மோனோ என்ற ஒற்றை இழை நைலான் நூல் வேண்டும். அந்தத் தடிமனுக்கு முடிச்சு நிற்காது, உலோகக் குழாய் போட்டு நசுக்கித்தான் ஆக வேண்டும். நசுக்கும்போது குழாயின் இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டராவது விட்டுவிடுங்கள். ஓரம் வரை நசுக்கினால் குழாயின் விளிம்பே கத்தியாகி மோனோவைக் கீறும். சரியாக நசுக்கிய குழாயின் வாய் லேசாக விரிந்து, எக்காளத்தின் வாய் போல இருக்கும். வெளியே நீட்டும் நூல் நுனியை லைட்டரால் காட்டிச் சின்ன உருண்டையாக்குங்கள், ஆனால் சூடு குழாய்க்குள் போகக் கூடாது. குழாயின் அளவு நூலோடு பொருந்த வேண்டும். கொஞ்சம் பெரிய குழாயை ஓங்கி நசுக்கிச் சமாளிப்பது நடக்காது. சாதனைக்கு மனு போடும் எண்ணம் இருந்தால், 20 பவுண்டுக்கு மேற்பட்ட நூலுக்கு லீடர் 30 அடி, லீடருக்கு மேலே மடித்துக் கட்டும் இரட்டை நூல் 30 அடி, இரண்டும் சேர்ந்து 40 அடிக்கு மிகக் கூடாது என்பது ஐ.ஜி.எஃப்.ஏ. விதி. மீனோடு மல்லுக்கட்டும்போது வேறொருவர் ராடைத் தொட்டாலே போச்சு.

முள்: செத்த இரையோ உயிர் இரையோ போட்டு மார்லின் பிடிக்கிறவர்கள் வட்ட முள் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முனை பக்கவாட்டில் திரும்பாத, ஒரே தளத்தில் இருக்கும் வகை. வெள்ளை மார்லின்களுக்குச் செயற்கைக்கோள் பட்டை கட்டி விடுவித்துப் பார்த்த ஆய்வில், வட்ட முள்ளில் பிடிபட்டவை 100 சதவீதமும் பிழைத்தன, ஜே வடிவ முள்ளில் பிடிபட்டவற்றில் 65 சதவீதம்தான். காரணம் எளிது. வட்ட முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கிவந்து வாயோரத்தில் மாட்டும். ஆனால் ராடை வெடுக்கென்று தூக்கினால் அந்த வேலை நடக்காது. மீன் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகட்டும், ஐந்தாறு நொடி கழித்து லீவரை மெதுவாக ஏற்றுங்கள், நூல் தானாக இறுகும். பழைய பழக்கத்தில் ஓங்கி இழுக்கிறவர்கள் இரையை மீனின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு முள்ளைத் திட்டுவார்கள். லூருக்கு வட்ட முள் சரிவராது. அங்கே இரண்டு முள்ளுக்குப் பதில் ஒற்றை ஜே முள் போடுங்கள். இரட்டை முள்ளில் ஒன்று வாயில், மற்றது கண்ணிலோ செவுளிலோ மாட்டுவது சாதாரணம். விடுவிக்கும்போது அந்தத் தொங்கும் முள் ஆள் கையையும் பதம் பார்த்துவிடும்.

லூரின் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. லூர் நிற்கும் இடமும் ஓடும் விதமும்தான் முக்கியம். படகுக்குப் பின்னால் வரிசையாக எழும் அலைமடிப்பில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது என்று தள்ளித் தள்ளி விட்டு, ஒன்றை எட்டாவதுக்கும் அப்பால் நடுவில் விடுங்கள். வேகம் 7 முதல் 9 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். லூர் மடிப்பின் முன்சரிவில் உட்கார்ந்து, மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, புகை போலக் குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். துள்ளித் துள்ளி வெளியே வந்தாலோ சுழன்றாலோ தூரத்தை மாற்றுங்கள், முள்ளில் பாசி சிக்கியிருக்கிறதா பாருங்கள். செத்த இரை என்றால் 5 முதல் 7 நாட், உயிர் இரைக்கு 2, 3 போதும்.

மீன் அடித்தவுடன் எல்லோரும் கத்துவார்கள், படகோட்டி விசையைக் குறைப்பார், நூல் தொய்யும், மீன் போய்விடும். முதல் அரை நிமிடம் படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடித்தது சூரை என்றால் மற்ற நூல்களை உடனே எடுக்காதீர்கள். கூட்டமாக வரும் மீன், அடுத்ததும் மாட்டும். மார்லின் என்றால் மாட்டாத நூல் அத்தனையும் மேலே வந்தாக வேண்டும், மாட்டிய ராடுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அல்ல, அதற்குக் குறுக்கே வரக்கூடியதிலிருந்து தொடங்குங்கள்.

சூரை கீழே போய் வட்டம் அடிக்கத் தொடங்கும்போதுதான் ஆள் சோர்வார். தாழ்ந்த கியருக்கு மாறுங்கள். ராடைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள், ஒரு சாண் தூக்கி, இறக்கும்போது அரைச் சுற்று சுற்றுவது போதும். வட்டத்தில் மீன் படகை நோக்கி வரும் பாதியில் நூல் லேசாகத் தளரும், அப்போது சுற்றுங்கள். விலகிப் போகும் பாதியில் சும்மா பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பத்து நிமிடம் ஒரு சுற்றுகூட ஏறவில்லை என்றால் படகோட்டியிடம் நூறு மீட்டர் முன்னே போகச் சொல்லுங்கள். செங்குத்தாக இருந்த நூல் சாயும், மீனின் தலை திரும்பும், பிடிவாதம் உடையும். ரீலைப் பிடித்திருப்பவரைவிட விசையைப் பிடித்திருப்பவர்தான் போராட்டத்தைச் சுருக்குகிறார். ஆனால் படத்தில் அவர் இருக்கமாட்டார்.

லீடரைக் கையில் வாங்குவதுதான் இந்த வேலையில் மிக ஆபத்தான கட்டம். தடித்த கையுறை, உள்ளங்கையில் இரண்டே சுற்று, விரல்களை விரித்தால் தானே அவிழும்படி. இழுத்த நூலைக் காலடியில் சுருளாக விடாதீர்கள், பின்னால் தண்ணீரில் எறியுங்கள். அந்தச் சுருளில் கால் மாட்டி, மீன் கீழே பாய்ந்தால் ஆளும் கூடவே போவார். எட்டும் இடத்தில் ஒரு கத்தி எப்போதும் இருக்க வேண்டும்.

மார்லினை மேல்தளத்துக்கு இழுத்துப் போட்டுப் படம் எடுக்காதீர்கள். தண்ணீர்தான் அதன் உள்ளுறுப்புகளைத் தாங்குகிறது. பக்கத்தில் வைத்தே எடுங்கள், முள் எட்டாவிட்டால் லீடரை முள்ளுக்கு அருகே வெட்டிவிடுங்கள். சோர்ந்திருந்தால் அலகைப் பிடித்துக்கொண்டு படகை 2 நாட்டில் முன்னே செலுத்துங்கள், வாய் வழியாகத் தண்ணீர் ஓடிச் செவுளைத் தாண்டட்டும். நிறம் திரும்பி, வால் வலுவாக அடிக்கத் தொடங்கிய பிறகு விடலாம். எடை தெரிய வேண்டுமா? சுற்றளவை அங்குலத்தில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுங்கள், பவுண்டில் வந்துவிடும்.

சூரையைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றால் அது படகில் விழுந்த அந்த நிமிடமே வேலை தொடங்குகிறது. சூரையின் தசை கடல் நீரைவிடச் சூடானது, போராடியபின் இன்னும் சூடு. குளிரவைக்கத் தாமதித்தால் சதை வெளிறி, நீர்த்து, வாயில் புளிப்படிக்கும். தலையில் கண்களுக்கு நடுவே சற்று மேலே இருக்கும் மென்மையான இடத்தில் கூரான கம்பியைக் குத்தி மூளையைச் செயலிழக்கச் செய்யுங்கள், துடிப்பு அடங்கும். மார்புத் துடுப்பை உடம்போடு மடக்கி, அதன் அடியிலிருந்து மூன்று விரல் பின்னால், இரண்டு பக்கமும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுங்கள். ரத்தம் பீறிட வேண்டும், கசிந்தால் வெட்டு தப்பு. செவுளையும் அறுத்துக் கடல்நீர்க் குழாயைச் செருகி வையுங்கள். பத்து நிமிடத்தில் வடிந்துவிடும். பிறகு குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு ஐஸ் கரைசலில் முழுதாக மூழ்கும்படி போடுங்கள். இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கடல் நீர். ஐஸின் மேல் படுக்கவைத்தால் ஒரு பக்கம்தான் குளிரும்.

வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உருவாகும். அது வந்துவிட்டால் பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது, மணத்திலும் எப்போதும் தெரியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும். ஆகவே கிளம்பும்போதே ஐஸ் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். குளிர்பானத்துக்கு மட்டும் போதுமான ஐஸ் இருந்தால், அன்றைக்குச் சூரையையும் விடுவித்துவிட்டு வருவதுதான் வழி.