நசரே: அலைக்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்தது

ஒவ்வொரு குளிர்காலமும் அதே காணொளி சுற்றுக்கு வந்துவிடுகிறது. சிவப்புத் தலை வைத்த சின்னக் கலங்கரை விளக்கம், கோட்டை மதிலில் எறும்பு மாதிரி ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் மலை போல எழும்பும் அலை. கீழே “சுனாமி”, “முப்பது மாடி உயரம்”, “இந்த ஊரில் எப்படித்தான் ஆட்கள் குடியிருக்கிறார்களோ” என்று பின்னூட்டங்கள். சுனாமி என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாம். அந்தச் சொல்லைப் போகிற போக்கில் வீசக் கூடாது. கடலடி நிலநடுக்கம் கிளப்புவது சுனாமி. நசரேயில் எழுவது காற்று கிளப்பும் அலை. ஆண்டுதோறும் அக்டோபர் முதல் மார்ச் வரை வந்து போவது.

போர்ச்சுகலில் லிஸ்பனுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கிற மீன்பிடி ஊர் இது. உண்மையில் மூன்று ஊர்கள். உள்ளே தள்ளி, குன்றின்மேல் பெதெர்னெய்ரா. கடலுக்கு நேர்மேலே, 110 மீட்டர் உயரப் பாறை உச்சியில் சீத்தியு. பாறைக்குத் தெற்கே மணலோரம் பிரையா. மூன்றில் இளையது பிரையாதான். அதைத்தான் இன்று எல்லோரும் நசரே என்கிறார்கள்.

பழைய நாளில் பெதெர்னெய்ராவின் காலடியில் பெரிய காயல் இருந்தது. பக்கத்து அல்கொபாசா மடத்தின் ஆளுகைக்கு உட்பட்ட துறைமுகம். லெய்ரியா பைன் காட்டு மரத்தில் இங்கே கப்பல் கட்டினார்கள். ஆறுகள் கொண்டுவந்த மண்ணும் வண்டலும் காயலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துவிட, துறைமுகம் வயலாகிப் போனது. திறந்த மணல்கரையில் குடியேறவோ, கடற்கொள்ளையர் பயத்தில் வெகுகாலம் ஆள் வரவில்லை. அந்தப் பயம் விலகிய பிறகுதான், 18, 19ஆம் நூற்றாண்டுகளில், மீனவக் குடும்பங்கள் பிரையாவில் நிலைத்தன. 1912 வரை நகராட்சியின் பெயரே பெதெர்னெய்ராதான்.

நசரே என்ற பெயர் நாசரேத்திலிருந்து வந்தது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மாதா சிலைதான் காரணம். 1182 செப்டம்பர் 14, பனிமூட்டமான காலை, மானைத் துரத்திவந்த தோம் ஃபுவாஸ் ரூப்பீன்யு என்ற பிரபுவின் குதிரை பாறை விளிம்பில் நின்ற கதையும் அந்த மாதாவோடு சேர்ந்ததே. வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கிளம்பும் முன் இங்கே வந்து வேண்டிக்கொண்டதாகவும் ஒரு மரபு உண்டு. நம்புவது அவரவர் விருப்பம். கடலுக்குப் போகிறவன் முதலில் ஏறிக் கும்பிட்ட இடம் சீத்தியு என்பதில் சந்தேகமில்லை.

இப்போது அலைக்கு வருவோம். நசரேக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது. நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல், ஆழமான இடத்தில் சுமார் 5,000 மீட்டர். ஐரோப்பாவின் மிகப் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. இதன் தலை கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே வந்து முட்டி நிற்பதுதான் விசேஷம்.

வட அட்லாண்டிக்கில் புயல் அடித்தால், இரண்டு மூன்று நாள் கழித்து மேற்கு, வடமேற்குத் திசையிலிருந்து நீளமான அலைகள் வந்து சேரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 16 விநாடி இடைவெளி என்று வையுங்கள். ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். நீளத்தில் பாதிக்குக் கீழே, அதாவது 200 மீட்டருக்குக் கீழே ஆழம் குறைந்தால்தான் அலைக்குத் “தரை தட்டும்”. தட்டியதும் வேகம் குறையத் தொடங்கும். 50 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், 20 மீட்டரில் ஐம்பதுக்குக் கீழே. பள்ளத்தாக்கின் மேலே வருகிற பகுதிக்கோ தரை தட்டுவதே இல்லை. அது முழு வேகத்தில் முந்திக்கொண்டு வருகிறது. வேகமும் மெதுவும் பக்கம்பக்கமாகப் போவதால் அலை வளைகிறது, பள்ளத்தின் நடுவிலிருந்து விலகி இரு ஓரமும் திரும்புகிறது. வடக்கே திரும்பிய துண்டு, பள்ளத்துக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த திட்டின்மேல் நேராக வந்துகொண்டிருக்கும் அலையைப் பிரையா டு நோர்ட்டி என்ற வடக்குக் கடற்கரைக்கு முன்னால் குறுக்கே சந்திக்கிறது. முகடு முகட்டின்மேல் ஏறி உட்கார்ந்தால் உயரம் கூடுகிறது. கரையோரமாகத் தெற்கே ஓடிவந்து, பாறையில் மோதிக் கடல்பக்கம் திரும்பும் நீரோட்டமும் எதிரே தள்ளி அலையை இன்னும் நிமிர்த்துகிறது.

இதில் ஒன்று பிசகினாலும் பெரிய அலை எழாது. இடைவெளி 10 விநாடியாக இருந்தால் அலையின் நீளம் 150 மீட்டர்தான். பள்ளம் இருப்பதே அதற்குச் சரியாக உறைக்காது. வடமேற்குக் காற்று பலமாக அடித்தால் முகம் கலைந்து நுரைக்காடாகிவிடும். பலகையில் அலைமேல் சறுக்குபவர்கள் காத்திருப்பது தரையிலிருந்து கடலுக்கு வீசும் தரைக்காற்றுக்கு, அல்லது காற்றே இல்லாத காலைக்கு.

உயரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் காரெட் மெக்நமாரா சறுக்கிய அலை 23.77 மீட்டர். 2017இல் ரோட்ரிகோ கோஷா 24.38. 2020இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் 26.21. மூன்றும் அந்தந்த நேரத்தில் உலக சாதனையாகப் பதிவானவை. படங்களில் ஐம்பது அறுபது மீட்டர் போலத் தெரிவதற்குக் காரணம் நீண்ட லென்ஸ். கோட்டைக்குப் பின்னால், மேட்டில் தூரமாக நின்று எடுக்கும்போது கோட்டைக்கும் அலைக்கும் நடுவில் உள்ள தூரம் நசுங்கிப்போகிறது, அலை மதிலை ஒட்டி நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. 26 மீட்டர் என்பதே எட்டு மாடிக் கட்டடம். அதை மிகைப்படுத்தத் தேவையே இல்லை. ஓரமாக ஒதுங்கித் தப்பிக்க அந்தக் கரையில் சரியான வழி கிடையாது, விழுந்தவரை ஜெட்ஸ்கியில் போய்த்தான் அள்ள வேண்டும். 2023 ஜனவரியில் பிரேசிலின் மார்சியு ஃப்ரெய்ரி அங்கே உயிரிழந்தார்.

என் வாதமே இனிமேல்தான் இருக்கிறது. அலையை வடக்கே குவிக்கிற அதே பள்ளம், தன் நடுக்கோட்டின்மேல் அலையைக் கலைத்துத் தணிக்கிறது. வடகரையில் மலை எழும்பும் நாளில் ஊருக்கு முன்னால் உள்ள தெற்குக் கரை ஒப்பிட்டால் அடங்கியே இருக்கும். பாறைமுனையும் அதற்கு மறைவு கொடுக்கிறது. கரையோரமாக நகர்ந்துவரும் மணலையும் பள்ளம் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் கரையின் தென்கோடியில் 1980களில் கட்டிய துறைமுகத்துக்கு, போர்ச்சுகலின் மேற்குக் கரையில் மற்றத் துறைகள் மூடிக்கிடக்கும் காலநிலையிலும் படகு நுழைய முடிகிறது. கொல்லும் அலையும் காக்கும் துறையும் ஒரே பள்ளத்தின் வேலை. இதைச் சொல்லாமல் அலையை மட்டும் காட்டுவது பாதி உண்மை.

துறைமுகம் வருவதற்கு முன்? மணலிலிருந்தே படகை இறக்கினார்கள். அணியம், அதாவது முன்முனை, உயர்ந்து கூராக வளைந்த, தட்டை அடிப் படகு. உயர்ந்த அணியம் உடையும் அலையில் ஏற, தட்டை அடி மணலில் சறுக்க. வலை, ஆர்ட்டி ஷாவெகா. நம் கரைவலைதான், சந்தேகமே வேண்டாம். ஒரு வடத்தின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் துடுப்புப் போட்டு வெளியே போவார்கள். வடம் முடிந்ததும் பக்கச் சுவர் போன்ற கைவலை, நடுவில் மீன் சேரும் பையான மடி, மறுபக்கக் கைவலை, இரண்டாம் வடம் என்று அரைவட்டமாக விட்டுக்கொண்டே வந்து கரையேறுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்களும் மாடுகளும் சேர்ந்து இழுவை. இரண்டு பக்கமும் ஒரே சீராக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணிக்கொண்டு மீன் நழுவிவிடும். நீரோட்டம் வலுத்தால் முழு வலையும் பக்கவாட்டில் ஒதுங்கும்.

ஆபத்து போகும்போதைவிட வரும்போது அதிகம். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போன பிறகு கிடைக்கும் சின்ன இடைவெளியில் கரை தொட வேண்டும். பின்னால் வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான். கரைக்கு நூறு மீட்டரில், வீட்டார் கண்ணெதிரே செத்தவர்கள் உண்டு. நசரே பெண்களின் ஏழு பாவாடையை இன்று சுற்றுலா உடுப்பாகப் பார்க்கிறார்கள். குளிரில் மணலில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டது, மேலே உள்ளதைத் தோளிலும் தலையிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். கைம்பெண்கள் கறுப்புக்கு மாறி அப்படியே வாழ்ந்தார்கள். மீனைத் தலையில் சுமந்து விற்றதும் காசைக் கையில் வைத்திருந்ததும் பெண்கள்தான்.

இன்றும் கரையில் அவர்கள் கருவாடு போடுகிறார்கள். பாரைக் குடும்பத்து மீனான கராபாவ்தான் முக்கியம். குடலை எடுத்து, கழுவி, முதுகு ஒட்டியிருக்க வயிற்றுப்பக்கம் பிளந்து புத்தகம்போல் விரித்து, உப்புநீரில் ஊறப்போட்டு, மரச்சட்டத்தில் கட்டிய வலைமேல் வரிசையாகப் பரப்புகிறார்கள். சட்டம் தரையிலிருந்து உயர்ந்திருப்பதால் காற்று அடியிலும் புகும், மணல் ஒட்டாது. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். உப்பு குறைந்தால் புளிப்பு வாடை வந்துவிடும். மேல்பக்கம் சட்டென்று இறுகிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி நடுமுள்ளோரம் கெடும். மூடுபனி இறங்கும் மாலையில் எடுத்து உள்ளே வைக்காவிட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது வீண்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அலை பார்க்க என்றால் குளிர்காலம், அதுவும் அலை இடைவெளி 16 விநாடிக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொல்லும் நாள். சும்மா போனால் ஏமாற்றம்தான். ரயில் நிலையம் ஊரில் இல்லை, ஆறு கிலோமீட்டர் தள்ளி வாலாது தோஸ் ஃப்ராதேஸில். லிஸ்பனிலிருந்து பேருந்தே சுலபம். பிரையாவிலிருந்து சீத்தியுவுக்கு 1889இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில் இருக்கிறது, 318 மீட்டர் தூரம், 42 சதவீதச் சரிவு. மேலே கோட்டையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குங்கள். மீன் ஏலக் கூடத்தில் விலை ஏறாது, உச்சத்தில் தொடங்கி இறங்கும், முதலில் நிறுத்துபவருக்கு மீன். நம் ‘ஏலம்’ என்ற சொல்லே அவர்களுடைய ‘லெய்லாவ்’ தந்தது என்பார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். பிறகு கரைக்குப் போய்க் கருவாட்டுச் சட்டங்களின் பக்கம் நில்லுங்கள். முழுக்கக் காய்ந்ததும் கிடைக்கும், அரைகுறையாகக் காயவைத்த ‘எஞ்சுவாடு’ம் கிடைக்கும். இரண்டாவதை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், ஊருக்குக் கட்டிக்கொண்டு வர முதலாவதைக் கேளுங்கள்.