தடை விதித்தது அரசு, இளைஞர்கள் அல்லர்

"மிரெதிதா, தோபர் தான்" (அல்பேனியத்திலும் செர்பியத்திலும் 'வணக்கம்') என்ற செர்பிய, கொசோவோ பண்பாட்டு விழாவுக்கு 2024-இல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் தடை வந்ததால், செர்பிய, அல்பேனிய இளைஞர்கள் ஒருவரோடொருவர் பேசவே விரும்பவில்லை என்றும், 1998-99 கொசோவோ போருக்குப் பின் ஊடகங்கள் வெறுப்பை மட்டுமே வளர்த்தன என்றும் ஒருவர் பதிவிட்டிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

தடை விதித்தது செர்பிய உள்துறை அமைச்சகம். எதிர்ப்பாளர்கள் திரண்டதும் உண்மைதான். ஆனால் 2014 முதல் பெல்கிரேடிலும் கொசோவோ தலைநகர் பிரிஷ்டினாவிலும் திரைப்படம், நாடகம், விவாதம் என்று இந்த விழாவை நடத்திவந்தவர்கள் இரு பக்கத்து இளைஞர் அமைப்பினர். பத்தாண்டு உழைப்பை மறைத்துவிட்டு ஒரு தடையை மட்டும் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஊடகங்களின் குற்றத்தை நான் மறுக்கவில்லை. 2004 மார்ச்சில் கொசோவோவின் இபார் ஆற்றில் அல்பேனியச் சிறுவர்கள் மூழ்கியபோது, செர்பியர்கள் துரத்தியதே காரணம் என்று உறுதிப்படுத்தாமல் ஒளிபரப்பினார்கள். தொடர்ந்த கலவரத்தில் 19 பேர் இறந்தனர். ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு ஊடகங்களைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆனால் அதே 2004-இல்தான் கொசோவோவுக்கான 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் அல்பேனியம், செர்பியம் இரண்டிலும் ஒளிபரப்பானது. அல்பேனியத்தின் லத்தீன் எழுத்து, செர்பியத்தின் சிரிலிக் எழுத்து இரண்டில் எதைத் திரையில் காட்டினாலும் ஒரு தரப்புப் பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்பதால், பொருள்களைக் காட்டி, குழந்தைகளையே அவற்றின் பெயர்களைச் சொல்லவைத்தார்கள். எவ்வளவு யோசித்துச் செய்த வேலை! இதையும் வெறுப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. பதிவைத் திருத்துங்கள்.