ஃபுல் மாரத்தான் பிளான் தேடுறவங்க மொதல்ல மொத வாரத்தை பாருங்க

ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான், "அக்கா, ஜனவரில ஃபுல் ஓடலாம்னு இருக்கேன், நல்ல பிளான் ஒண்ணு இருந்தா தட்டி விடுங்களேன்"னு. ஃபுல்னா 42 கிமீ, ஆனா பிளான் பிடிஎஃப் வந்துட்டா பாதி ரேஸ் முடிஞ்சிடுச்சுனு அவன் நெனப்பு. எனக்கும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்துச்சு, அதுக்கு நான் கட்டுன ஃபைன் ரெண்டு மாசம் ஃபிசியோ.

2022ல என்ன பண்ணேன்னா, எங்க ஏரியால செம வேகமா ஓடுற ஒருத்தர் எந்த பிளான்ல ஓடுறார்னு விசாரிச்சு அதையே எடுத்துக்கிட்டேன். வாரத்துல ஆறு நாள் ஓட்டம். நாலு மணிக்கு எந்திரிச்சு ஓடி, வந்து ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டி, ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்து, ராத்திரி படுத்தா முழங்காலுக்கு கீழ எலும்பு விண்ணு விண்ணுனு தெறிக்கும். ஏழாவது வாரத்தோட ஊத்தி மூடியாச்சு. இதுல பிளான் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. ஏற்கனவே வாரத்துக்கு 40, 50 கிமீ ஓடிட்டு இருக்கவங்களுக்குனு மேலயே போட்டிருந்துச்சு, நான் தான் அதை படிக்காம நேரா டேபிளுக்கு போயிட்டேன்.

எல்லாரும் பாக்குறது பெரிய லாங் ரன், அதாவது வாரத்துல ஒரு நாள் ஓடுற நீளமான ஓட்டம், எத்தனை கிமீங்கறது மட்டும் தான். நான் சொல்றது, மொத வாரத்தை பாருங்க. நாளைக்கே ஆரம்பிச்சா அந்த வாரத்தை வலி இல்லாம முடிச்சிடுவீங்களா? முடியாதுனா அந்த பிளான் எவ்ளோ பெரிய கோச் எழுதுனதா இருந்தாலும் இப்போதைக்கு உங்களுக்கு இல்ல. ரெண்டாவது, வாரத்துல எத்தனை நாள் கேக்குது, உங்க வீடும் வேலையும் எத்தனை நாள் விடும். அவ்ளோதான், மத்ததெல்லாம் அப்புறம்.

நான் ரெண்டாவது தடவை எடுத்தது ஹால் ஹிக்டன்ங்கற அமெரிக்க ஓட்டக்காரர் புதுசா ஓடுறவங்களுக்குனு போட்ட நோவிஸ் 1 பிளான். நெட்ல சும்மாவே கிடைக்குது. 18 வாரம், வாரத்துல நாலு நாள் ஓட்டம், மொத வார லாங் ரன் 6 மைல், அதாவது பத்து கிமீ கிட்ட. ரெண்டு வாரம் ஏத்தி மூணாவது வாரம் கொறைப்பாங்க, இப்படியே போயி 15வது வாரம் 20 மைல், 32 கிமீ. அப்புறம் மூணு வாரம் டேப்பர், அதாவது ரேஸுக்கு முன்னாடி ஓட்டத்தை கொறைச்சு காலுக்கு ஓய்வு குடுக்குறது. இங்க ஒரு விஷயம், இது எல்லாமே மைல் கணக்கு! என் ஃபிரெண்ட் ஒருத்தன் டேபிள்ல இருந்த 20ஐ கிலோமீட்டர்னு நெனச்சு 20 கிமீ ஓடி "அட, இவ்ளோ தானா"னு ரேஸுக்கு வந்து நின்னான், 25க்கு மேல அவன் பட்ட பாடு சொல்லி மாளாது.

இதான் பெஸ்ட்னு நான் சத்தியம் பண்ணல. ஹேன்சன்ஸ்னு இன்னொரு அமெரிக்க பிளான்ல லாங் ரன்னே 16 மைல், 26 கிமீ கிட்ட தான், ஆனா வாரத்துல ஆறு நாள் ஓடி அலுத்துப்போன காலோட அதை ஓடணும், அதான் அங்க சூட்சுமம். அந்த 16ஐ மட்டும் உருவி மூணு நாள் பிளான்ல சொருகிக்கிறவங்களை பாத்திருக்கேன், அது ரெண்டுங்கெட்டான். ஜெஃப் கேலோவே வேற மாதிரி, மொத கிலோமீட்டர்ல இருந்தே ஓட்டம், நடை, ஓட்டம்னு மாத்தி மாத்தி போகச் சொன்னவர். நடந்தா மாரத்தான் இல்லைனு சிலர் மூக்கை சுளிப்பாங்க. அவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடுனவர் சாமி. ஜாக் டேனியல்ஸ் கோச்சோ லாங் ரன் ரெண்டரை மணி நேரத்தை தாண்ட வேணாம்னு சொன்னவர். என்னை மாதிரி கிமீக்கு ஏழே முக்கால் நிமிஷம் ஓடுற ஆளுக்கு 32 கிமீ நாலு மணி நேரத்துக்கு மேல, அதுல இருந்து தேறி வரவே ஒரு வாரம் ஆகும், அதனால அவர் சொன்னதுலயும் ஞாயம் இருக்கு.

நம்ம ஊர் சமாச்சாரம் எந்த பிடிஎஃப்லயும் இருக்காது. சென்னை ரேஸ் ஜனவரி மொத வாரம்னா 18 வாரம் பின்னாடி எண்ணுனா செப்டம்பர் பக்கம் ஆரம்பிக்கணும், விடிகாலை நாலரைக்கே 26, 27 டிகிரி, புழுக்கம், பனியன பிழிஞ்சா அரை டம்ளர் வரும். குளிர் ஊர்க்காரங்க போட்ட பேஸ் டேபிளை, அதாவது கிமீக்கு இத்தனை நிமிஷம்ங்கற கணக்கை, இங்க அப்படியே ஓடுனா நாக்கு தள்ளிடும், பக்கத்துல வர்றவங்களோட பேசிக்கிட்டே ஓட முடியுதா, அதான் ஈஸி ரன், வாட்ச்சை பாக்காதீங்க. உப்பை பத்தி பேசாத கைடும் நமக்கு ஆகாது. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேர் ரத்தத்தை டெஸ்ட் பண்ணதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்பு, கொறஞ்சிருந்துச்சு, பெரும்பாலும் தண்ணிய ஓவரா குடிச்சதால.

பெரிய ரன் எல்லாம் வர்றதோ நவம்பர், டிசம்பர், கரெக்டா மழைல. 2023ல நான் 29 கிமீ முடிச்சு மெதப்புல இருந்த நேரம் பாத்து மிக்ஜாம் புயல் வந்துச்சு. வேளச்சேரில வீட்டு வாசல்ல முட்டி வரை தண்ணி, கரண்ட் இல்ல, ஷூ ஒரு ஜோடி காலி. ஒரு வாரம் முழுசா போச்சு. விட்டதை எல்லாம் அடுத்த வாரத்துல சேத்து ஓடிடலாம்னு கணக்கு போட்டுட்டு இருந்தேன், குரூப்ல ஒரு சீனியர் அண்ணன் தான் "போன வாரத்தை துரத்தாதம்மா, கால் தான் போகும்"னார். 32ஐ விட்டுட்டு 26 ஓடிட்டு டேப்பர் போயிட்டேன். ஜனவரில 5 மணி 50 நிமிஷத்துல முடிச்சேன். ஒரு வாரம் விட்டுப்போனா என்ன பண்ணணும்னு சொல்ற கைடா பாத்து எடுங்க, இல்லனா கேட்டுக்க ஒரு ஆளாவது இருக்கணும். காசு வாங்கிட்டு எல்லாருக்கும் ஒரே பிடிஎஃப் அனுப்புற கோச்சையும் பாத்தாச்சு, பேர் மட்டும் தான் மாத்திருந்தாங்க, எனக்கு வந்ததுல இன்னொருத்தர் பேரே இருந்துச்சு.

தம்பிக்கு பிளான் அனுப்பல. வாரத்துல எத்தனை நாள் ஓட முடியும்னு கேட்டேன், நாலுன்னான். சரி, மொத வாரத்தை மட்டும் ரெண்டு தடவை ஓடுனு சொன்னேன். நேத்து ஸ்ட்ராவா (ஓட்டத்தை பதியுற ஆப்) ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு, அஞ்சு கிமீ, அஞ்சரை நிமிஷ பேஸ், கீழ நெருப்பு எமோஜி மூணு.

"ஓடும்போது பேச முடிஞ்சுதாடா?"

"எங்கக்கா, மூச்சே விட முடியல."

"அப்ப நாளன்னைக்கு மறுபடியும் அதே அஞ்சு. மெதுவா."