விருந்தாளியிடம் வீட்டுச் சாவி

‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரை அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஸ்டீவ் அர்க்கெல் என்ற பக்கத்து வீட்டுப் பையன் அந்தத் தொடரைக் கெடுத்துவிட்டான் என்ற பழைய குற்றச்சாட்டை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

1989 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியபோது, அது சிகாகோவில் வாழும் வின்ஸ்லோ என்ற கறுப்பினக் குடும்பத்தின் கதையாகவே இருந்தது. அக்குடும்பத்தின் தாயான ஹாரியட், அதற்கு முன் ‘பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ தொடரில் லிஃப்ட் இயக்கும் ஊழியராக வந்துபோன துணைப் பாத்திரம். அவரை மையமாக வைத்துத்தான் இந்தத் தொடரே பிறந்தது. துணைப் பாத்திரமாக இருந்து தனக்கென ஒரு வீட்டைப் பெற்ற அவரே, அந்த வீட்டை இன்னொரு துணைப் பாத்திரத்திடம் பறிகொடுத்தார் என்பதுதான் வேடிக்கை.

முதல் சீசனின் நடுவில் ஒரே ஒரு அத்தியாயத்துக்காக அர்க்கெலாக நடிக்க அழைக்கப்பட்ட ஜலீல் வைட், மார்புவரை ஏற்றிக் கட்டிய கால்சட்டையும் கீச்சுக்குரலுமாக வந்து அரங்கைக் கவர்ந்துவிட்டார். அதன்பின் கதைகள் அவரையே சுற்றின. உருமாற்றும் இயந்திரம் வந்தது. அதிலிருந்து ஸ்டெஃபான் என்ற மிடுக்கான மறுவடிவம் வந்தது. மர்ட்டில் என்ற உறவுக்காரப் பெண்ணாகவும் அவரே வந்தார். கடைசியில் அர்க்கெல் விண்வெளிக்கே போய்விட்டான். (ஒரு சாதாரணக் குடும்பக் கதைக்கு இது கொஞ்சம் தூரம்தான்.)

இருந்தாலும், போலீஸ்காரத் தந்தை கார்லுக்கு அர்க்கெல் செய்தது பெரும் நன்மை. முன்கோபம் ஒன்றே அடையாளமாக இருந்த அந்த மனிதர், தன் பொறுமையைச் சோதிக்கும் பையனைத் திட்டிக்கொண்டே மகனைப் போல ஏற்றுக்கொள்வதை ரெஜினால்ட் வெல்ஜான்சன் நடித்த விதத்தில், தொடரின் உண்மையான பாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

இழப்பு முழுவதும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. இளைய மகள் ஜூடி நான்காம் சீசனுக்குப் பின் ஒரு சொல் விளக்கம்கூட இல்லாமல் காணாமல் போனாள், பெற்றவர்கள்கூடத் தேடவில்லை. ஹாரியட்டாக நடித்த ஜோ மேரி பேட்டன் ஒன்பதாவது, அதாவது கடைசி சீசனின் நடுவில் விலகியபோது, அதே பாத்திரத்துக்கு வேறொரு நடிகையை அமர்த்தித் தொடரை முடித்தார்கள். அர்க்கெல் இடத்தில் இன்னொருவரை அப்படி அமர்த்த அவர்கள் துணிந்திருப்பார்களா?